ஊரை விட்டுச் சென்றவரின் பெயர்: அட்டன்பரோ என்னும் அரிய குடும்பப்பெயர்

காந்தியடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கி 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ரிச்சர்ட் அட்டன்பரோவையும், உயிரினங்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களால் உலகெங்கும் அறியப்பட்ட டேவிட் அட்டன்பரோவையும் தமிழ் வாசகர்கள் பலர் அறிவர். இருவரும் உடன்பிறந்தவர்கள். இவர்களைத் தவிர அதே பெயர் கொண்ட மூன்றாவது ஒருவரைச் சொல்லுமாறு கேட்டால் நம்மில் பெரும்பாலோர் தடுமாறுவோம். இங்கிலாந்துக்காரர்களிடம் கேட்டாலும் பதில் அவ்வளவு எளிதில் வராது. ஏனெனில் அட்டன்பரோ என்பது அந்நாட்டிலேயே அரிதான குடும்பப்பெயர். ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு பரவின, ஒரு பெயர் பெருகும்போது மற்றொன்று ஏன் அருகிப்போகிறது என்பனவற்றை அறிய விரும்புகிறவருக்கு ஸ்மித், ஜோன்ஸ் போன்ற பரவலான பெயர்களைவிட இத்தகைய அரிய பெயர் ஒன்று நல்ல நுழைவாயில். கொல்லுத் தொழிலைக் குறிக்கும் ஸ்மித் என்னும் பெயர் கொல்லர் இருந்த ஊர்களிலெல்லாம் தனித்தனியே முளைத்தது. ஆகவே அதைப் பின்தொடர்ந்து சென்றால் நாடு முழுவதும் சுற்றி வரலாமே தவிர, ஓர் இடத்தைச் சென்றடைய முடியாது. அரிய பெயரோ பெரும்பாலும் ஒரு சிறு வட்டாரத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

1066ஆம் ஆண்டில் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பு அங்கே குடும்பப்பெயர் என்ற வழக்கம் இல்லை. ஒருவருக்கு ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. அதன்பின் வில்லியம், ராபர்ட், ஜான் போன்ற சில பெயர்களே திரும்பத் திரும்பச் சூட்டப்பட்டதால், ஒரே ஊரில் ஐந்து வில்லியம்கள் இருக்கும் நிலை உண்டாயிற்று. இன்ன வில்லியம் என்று பிரித்துக் காட்ட அடைமொழி தேவைப்பட்டது. தந்தையின் பெயர், செய்யும் தொழில், உடலமைப்பையோ குணத்தையோ சுட்டும் பட்டப்பெயர், வந்த ஊர் அல்லது வீடு இருந்த இடம் ஆகியவற்றிலிருந்து இந்த அடைமொழிகள் பிறந்தன. இவை தொடக்கத்தில் பரம்பரைப் பெயர்கள் அல்ல என்பதைப் புதிதாகப் படிப்பவர் மனத்தில் கொள்ள வேண்டும். கொல்லன் ஜானின் மகன் தச்சனானால் அவன் தச்சன் என்றே அழைக்கப்பட்டான். ஒரே மனிதன் வெவ்வேறு ஆவணங்களில் வெவ்வேறு அடைமொழியோடு தோன்றுவதும் உண்டு. நிலவுடைமைக் குடும்பங்களில் முதலில் இறுகத் தொடங்கிய இவ்வழக்கம் மெல்லக் கீழிறங்கி, ஏறக்குறைய 1400ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. வடக்கே இன்னும் தாமதமாயிற்று. நிலத்தைத் தந்தையிடமிருந்து மகன் பெறும்போது, தான் இன்னாருடைய வாரிசு என்று காட்டுவதற்குப் பெயரும் சேர்ந்து வருவது வசதியாக இருந்தது. வரி வசூலிப்பவருக்கும் அது வசதிதான். 1377ஆம் ஆண்டில் 14 வயதைக் கடந்த எல்லோர் மீதும், பிச்சையெடுத்து வாழ்வோரைத் தவிர்த்து, தலைக்கு நான்கு பென்னி வீதம் விதிக்கப்பட்ட தலைவரியும், 1379, 1381ஆம் ஆண்டுகளின் வரிகளும் விட்டுச்சென்ற பட்டியல்கள் இன்று பெயராய்வாளர்களுக்குப் பெரும் புதையல். அன்று அவ்வரியைக் கட்டியவர்கள் அதை எவ்வளவு வெறுத்தார்கள் என்பதற்கு 1381ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சியே சான்று.

அட்டன்பரோ ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயராகக் கொள்ளப்படுகிறது. நாட்டிங்ஹம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றங்கரையில், டெர்பிஷயர் எல்லைக்கு அருகில் அட்டன்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் கோட்டை அல்லது அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் 'பர்ஹ்' என்னும் சொல்லோடு, அட்டா என்பது போன்ற ஓர் ஆளின் பெயர் சேர்ந்து உருவான ஊர்ப்பெயர் அது. அட்டாவின் அரண் என்று பொருள் கொள்ளலாம். அந்த அட்டா யார், எப்போது வாழ்ந்தார் என்பதற்கு ஊர்ப்பெயரைத் தவிர வேறு தடயம் இல்லை.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் தோன்றுவது இயல்பு. ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் அந்த ஊரை ஆண்டவர்கள் அல்லது அங்கேயே காலங்காலமாக வாழ்ந்தவர்கள் என்று நாம் எளிதில் கருதிவிடுகிறோம். சிறிது சிந்தித்தால் நிலைமை நேர்மாறானது என்பது விளங்கும். எல்லோரும் அட்டன்பரோக்காரர்களாக இருக்கும் ஊரில் ஒருவரை மட்டும் அட்டன்பரோக்காரர் என்று அழைப்பதால் என்ன பயன்? அவர் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து ஊரிலோ சந்தை நகரிலோ குடியேறும்போதுதான் அந்தப் பெயர் அவரை அடையாளம் காட்டத் தொடங்குகிறது. நிலவுடைமையாளர்கள் இதற்கு விலக்கு. அவர்கள் தம் பண்ணையின் பெயரைத் தாமே விரும்பி ஏற்றார்கள். ஆனால் சாதாரண மக்களைப் பொறுத்தவரை, ஊர்ப்பெயராலான குடும்பப்பெயர் என்பது பெரும்பாலும் அந்த ஊரை விட்டுச் சென்ற ஒருவரின் பெயர்.

இதற்கு அட்டன்பரோ ஊரே ஒரு சுவையான சான்றைத் தருகிறது. அவ்வூரில் பிறந்து வரலாற்றில் இடம்பெற்றவர்களுள் முதன்மையானவர் ஹென்றி அயர்ட்டன். 1611ஆம் ஆண்டில் அங்கே பிறந்து, ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனாகவும், உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத் தரப்பின் தளபதியாகவும் விளங்கியவர். அயர்ட்டன் என்பதும் ஊர்ப்பெயர்தான். அண்டை மாவட்டமான டெர்பிஷயரில் உள்ள ஊர் அது. அட்டன்பரோவில் பிறந்தவர் அயர்ட்டனின் பெயரைச் சுமந்தார்; அட்டன்பரோவின் பெயரைச் சுமந்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள்.

சொற்பிறப்பு இத்துடன் முடிந்துவிட்டால் எளிதாக இருக்கும். ஆனால் அட்டன்பரோ என்ற பெயரின் முதற்பகுதி மொழியியலாளர்களைச் சற்று நின்று யோசிக்க வைக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டே', 'அட்டன்', 'அட்டர்' என்னும் வடிவங்கள் 'அந்த இடத்தருகே' என்று பொருள்படும். வீட்டருகே நின்ற மரமோ ஓடையோ ஒருவருக்கு அடையாளமானபோது இச்சொற்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. காட்டருகே வாழ்ந்தவர் அட்வுட் ஆனார். ஆஷ் மரத்தருகே வாழ்ந்தவரைக் குறித்த 'அட்டன் ஆஷ்' என்ற தொடரிலிருந்து 'ன்' என்னும் ஒலி மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நாஷ் என்ற குடும்பப்பெயர் பிறந்தது. ஓக் மரங்களருகே வாழ்ந்தவர் அதே வழியில் நோக்ஸ் ஆனார். அப்படியானால் அட்டன்பரோ என்பதும் 'அட்டன்' என்னும் முன்னொட்டோடு அமைந்த பெயராக இருக்கலாம் அல்லவா?

இருக்கலாம், ஆனால் இலக்கணம் ஒரு தடை எழுப்புகிறது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்ற பாகுபாடு உண்டு. 'அட்டன்' ஆண்பால், அலிப்பால் சொற்களின் முன்பும், 'அட்டர்' பெண்பால் சொற்களின் முன்பும் வர வேண்டும். அரணைக் குறிக்கும் 'பர்ஹ்' பெண்பாற் சொல்; ஆகவே அரணருகே வாழ்ந்தவர் முறைப்படி 'அட்டர்' என்று தொடங்கும் பெயரையே பெற்றிருப்பார். அப்படியொரு குடும்பப்பெயர் உண்மையிலேயே இருக்கிறது: அட்டர்பரி. மாறாக, குன்றைக் குறிக்கும் 'பெயோர்க்', தோப்பைக் குறிக்கும் 'பெயரு' ஆகிய இரண்டும் ஆண்பாற் சொற்கள். குன்றருகேயோ தோப்பருகேயோ வாழ்ந்தவர் 'அட்டன்' எனத் தொடங்கும் பெயரைப் பெற்று, காலப்போக்கில் அவருடைய பெயர் அட்டன்பரோ என்ற ஒலிக்கு நெருங்கி வந்திருக்க இடமுண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் இந்தப் பால் பாகுபாடு வேகமாகக் குலைந்துகொண்டிருந்ததால், இலக்கணத்தை மட்டும் வைத்து வழக்கைத் தீர்த்துவிடவும் முடியாது. என் கணிப்பில் இலக்கணத்தைவிட நிலப்படமே வலுவான சாட்சி: இக்குடும்பப்பெயர் பழைய காலத்திலிருந்தே நாட்டிங்ஹம்ஷயரிலும் அதை ஒட்டிய டெர்பிஷயரிலும் செறிந்து காணப்படுகிறது; அந்தச் செறிவின் நடுவிலேயே அதே பெயருடைய ஊர் இருக்கிறது. குன்றும் தோப்பும் இங்கிலாந்தில் எங்கும் உள்ளவை. அவற்றிலிருந்து பிறந்த பெயராயின் நாட்டின் பல மூலைகளிலும் அது தலைகாட்டியிருக்கும்.

குடும்பப்பெயரின் பரவலை அறியப் பயன்படும் ஆவணங்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணையின்படி, ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. அரசின் பிறப்பு இறப்புப் பதிவு 1837ஆம் ஆண்டு ஜூலையில்தான் வந்தது. தனி மனிதர்களின் பெயர்களைப் பயனுள்ள முறையில் தரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841ஆம் ஆண்டினுடையது. பெயர்ப் பரவலை நிலப்படத்தில் குறித்துக் காட்டுபவர்கள் பெரிதும் நம்புவது 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை. அதற்குள் இருப்புப்பாதைகளும் தொழிற்சாலைகளும் மக்களைப் பல திசைகளிலும் சிதறடித்திருந்தன. இருந்தும் அரிய பெயர்களைத் தாங்கியோரில் கணிசமானோர் தம் பெயர் பிறந்த வட்டாரத்தைச் சுற்றியே அப்போதும் வாழ்ந்தனர். இதைக் காணும் எவருக்கும் வியப்பு உண்டாகும். ஐந்நூறு ஆண்டுகளில் பெரும்பாலோர் ஒரு நாளில் நடந்து திரும்பக்கூடிய தூரத்துக்குள்ளேயே வேலை தேடி, பெண் எடுத்து, அடக்கமும் ஆகியிருக்கிறார்கள்.

ஆவணங்களில் தேடுகிறவர் எழுத்துக்கூட்டலைக் கடவுள் வாக்காகக் கொள்ளக் கூடாது. எழுதத் தெரியாத உழவர் வாயால் சொல்ல, அதைக் காதால் கேட்ட குருவானவர் தமக்குத் தோன்றியபடி எழுதினார். அட்டன்பரோ, அட்டன்பர்ரோ, அட்டன்பாரோ எனப் பல வடிவங்கள் இவ்வாறு உண்டாகி, அவற்றுள் சில தனித்த குடும்பப்பெயர்களாகவே இன்றும் நீடிக்கின்றன. ஒரே தந்தையின் இரு பிள்ளைகள் இரு வேறு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பது அக்காலப் பதிவேடுகளில் அரிய காட்சி அல்ல.

வட்டாரத்தை விட்டு வெளியேறியவர்கள் சென்ற இடங்களில் முக்கியமானது லண்டன். விக்டோரியா காலத்து லண்டன்வாசிகளிடம் அட்டன்பரோ என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு நினைவு வந்திருப்பது அடகுக்கடைதான். அப்பெயர் கொண்ட குடும்பத்தினர் நகரில் அடகுக்கடைகள் நடத்திப் பெயர்பெற்றிருந்தனர். உயில் நிறைவேற்றுநர் ஒருவர் இறந்தவரின் வெள்ளிச் சாமான்களை அடகு வைத்ததால் எழுந்து, பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த அட்டன்பரோ எதிர் சாலமன் என்னும் வழக்கை ஆங்கிலச் சொத்துரிமைச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அரிய பெயர் என்பதால் ஒரு தொழிலோடு அது சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. ஸ்மித் என்ற பெயரில் நூறு அடகுக்கடைகள் இருந்தாலும் அப்படி ஒட்டாது.

இனி, ஒரு பெயர் ஏன் அரிதாகவே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். தொடக்கத்தில் ஒருவரே அப்பெயரைத் தாங்கியிருந்தார் என்பது பாதி விடைதான். மறு பாதியைத் தருவது தற்செயல். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆய்வாளர், மேட்டுக்குடிக் குடும்பப்பெயர்கள் அழிந்துகொண்டே வருவதைக் கண்டு, ஒரு பெயர் முற்றிலும் மறைந்துபோவதற்கான நிகழ்தகவு என்ன என்ற வினாவை 1873ஆம் ஆண்டில் பொதுவில் வைத்தார். ஹென்றி வாட்சன் என்ற கணிதம் வல்ல குருவானவர் அதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். அவருடைய முறை அருமையானது. முடிவில் மட்டும் ஒரு பிழை நேர்ந்தது. எல்லாப் பெயர்களும் என்றேனும் அழிந்தே தீரும் என்று அவர் கருதிவிட்டார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியனேமே 1845ஆம் ஆண்டிலேயே சரியான விடையை அறிந்திருந்தார் என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. பெயரைத் தாங்கி வளரும் மகன்களின் சராசரி ஒருவருக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டாவிட்டால் பெயர் காலப்போக்கில் மறையும். தாண்டினால் நிலைத்து நிற்க ஓரளவு வாய்ப்பு உண்டு என்பதே அந்த விடையின் சாரம்.

எண்களால் இதைப் பார்ப்பது நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப்பெயர் உடைய 100 ஆண்களைக் கற்பனை செய்துகொள்வோம். பெயரைத் தாங்கி வளரும் மகன்கள் ஒருவருக்குச் சராசரியாக ஒருவர். ஆனால் சிலருக்கு எவருமில்லை, சிலருக்கு மூவர், நால்வர் என்று கணிதவியலார் பாய்சான் பரவல் என்றழைக்கும் முறையில் அது கலைந்திருக்கட்டும். முதல் தலைமுறையிலேயே 37 பெயர்கள் முடிந்துபோகும். ஐந்து தலைமுறைக்குப் பின் 27 பெயர்களே எஞ்சும். தலைமுறைக்கு 30 ஆண்டு வீதம் ஏறத்தாழ 700 ஆண்டுகள், அதாவது 23 தலைமுறைகள் கடந்தபின், எஞ்சுபவை 8 பெயர்கள் மட்டுமே. மக்கள்தொகை சராசரியாக அதே 100 ஆகவே இருப்பதால், அந்த எட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றையும் பன்னிரண்டு பதின்மூன்று பேர் தாங்கி நிற்பார்கள். வென்ற எட்டுக் குடும்பங்களும் எந்த வகையிலும் மேலானவை அல்ல. காசு சுண்டியதில் பூ விழுந்தவர்கள், அவ்வளவே. உண்மை வாழ்க்கை இந்தக் கணக்கைவிடக் கடுமையாகவும் இருந்தது: 1348, 1349ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேலானோரைக் கொண்டுசென்றபோது, அப்போதுதான் வேரூன்றத் தொடங்கியிருந்த எத்தனையோ பெயர்கள் அவர்களோடு புதைந்தன. பெயர் மறைந்தால் குடும்பமே அற்றுப்போயிற்று என்று பொருளாகாது. மகள்கள் வழியே குருதி தொடரும், பெயர் தொடராது.

ஆவணங்கள் முடியும் இடத்தில் அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வு கைகொடுத்தது. ஆணின் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிய மாற்றமின்றிச் செல்கிறது. ஆங்கிலக் குடும்பப்பெயரும் அதே வழியில் செல்கிறது. இவ்விரண்டும் இணைந்தே பயணம் செய்திருக்கின்றனவா என்று பார்த்தால், ஒரே பெயருடையோர் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களா என்பது தெரியவரும். பிரயன் சைக்ஸ் என்ற மரபியலாளர் தம் சொந்தக் குடும்பப்பெயரையே எடுத்துக்கொண்டு 2000ஆம் ஆண்டில் இம்முயற்சியை வெளியிட்டார். சைக்ஸ் என்பது யார்க்ஷயர்ப் பகுதியில் சிற்றோடையைக் குறிக்கும் சொல்; ஓடைகள் பல என்பதால் மூதாதையரும் பலராகவே இருப்பர் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் ஆராயப்பட்ட 48 பேரில் 21 பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் காணப்பட்டது.

2009ஆம் ஆண்டில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் துரி கிங், மார்க் ஜாப்லிங் ஆகிய இருவர் இதை விரிவாக்கி, 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1678 ஆண்களை ஆராய்ந்தனர். பெயர் அரிதாக ஆக, அதைத் தாங்கியோர் ஒரே வழியினராக இருக்கும் விகிதம் கூடியது. ஸ்மித் என்ற பெயருடையோரிடையே, தெருவில் செல்லும் யாரோ இருவரிடையே உள்ளதைவிட நெருக்கமான உறவு எதுவும் தென்படவில்லை. அட்டன்பரோக்களிடமோ, வேறு எழுத்துக்கூட்டல் உடையோரையும் சேர்த்து, பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஒரே கொத்தில், அதாவது ஒரே மூதாதையின் வழியினராகக் கொள்ளத்தக்க குழுவில், அடங்கினர். எல்லாப் பெயர்களுக்குமான சராசரி 62 சதவீதம். மீதமுள்ளோர் ஏன் அடங்கவில்லை என்பதற்குத் தத்தெடுப்பு, தாயின் பெயரைப் பெற்ற பிள்ளை, சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொண்ட மருமகன், வெளியே சொல்லப்படாத தந்தைமை எனக் காரணங்கள் பல உண்டு. சங்கிலியில் இத்தகைய முறிவு தலைமுறைக்கு நூற்றில் இரண்டு என்ற அளவில் நேர்ந்தாலே, 23 தலைமுறைக்குப் பின் அறுபடாமல் எஞ்சுவது 63 சதவீதம்தான்.

இந்த இடத்தில்தான் ஒருவர் அவசரப்பட்டுவிடக் கூடாது. பத்தில் ஒன்பது பேர் ஒரே வழியினர் என்றால், இடைக்காலத்தில் ஒரே ஒரு அட்டன்பரோதான் இருந்தார் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆய்வாளர்கள் அவ்வாறு முடிவுகட்டவில்லை. அந்த 100 ஆண்களின் கணக்கை மீண்டும் நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்: அட்டன்பரோ ஊரிலிருந்து மூன்று நான்கு பேர் வெவ்வேறு காலத்தில் வெளியேறி, ஒவ்வொருவரும் அப்பெயரைப் பெற்றிருந்தாலும், தற்செயலாக ஒருவருடைய வழி மட்டும் தழைத்து மற்றவை அற்றுப்போயிருக்க முடியும். இன்று நாம் காண்பது எஞ்சியோரை மட்டுமே, தொடங்கியோரை அல்ல. மரபணு வேறு வகையான திருப்பங்களையும் வைத்திருக்கிறது. யார்க்ஷயரைச் சேர்ந்த மற்றோர் அரிய குடும்பப்பெயரில், ஆராயப்பட்ட 18 ஆண்களில் 7 பேரிடம் அதுவரை மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒய் குரோமோசோம் வகை இருப்பதை அதே லெஸ்டர் குழு 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெயர் முழுக்க முழுக்க ஆங்கிலேயருடையது. அதைத் தாங்கியவரின் தந்தைவழி மூதாதையோ ஆப்பிரிக்கர்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கும் அட்டன்பரோ என்ற பெயருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1887ஆம் ஆண்டில் நாட்டிங்ஹம்ஷயரின் ஸ்டேபிள்ஃபோர்டில், அதாவது அட்டன்பரோ ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பிறந்த பிரெடரிக் அட்டன்பரோ, 1932ஆம் ஆண்டு முதல் 1951ஆம் ஆண்டு வரை, பின்னாளில் அப்பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரியின் முதல்வராக இருந்தார். அங்குள்ள 18 மாடி அட்டன்பரோ கோபுரம் அவர் பெயரைத் தாங்கியது. ரிச்சர்டும் டேவிட்டும் அவருடைய மக்கள். தந்தை பிறந்தது பெயர் தோன்றிய ஊருக்குப் பக்கத்தில். ரிச்சர்ட் 1923ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலும், டேவிட் 1926ஆம் ஆண்டில் லண்டனிலும் பிறந்து, இருவரும் லெஸ்டரில் வளர்ந்தனர். நூற்றாண்டுக் கணக்கில் ஒரு வட்டாரத்தைச் சுற்றியே செறிந்திருந்த பெயர் இருபதாம் நூற்றாண்டில் எவ்வளவு விரைவாகச் சிதறியது என்பதை இந்த ஒரு வீட்டிலேயே காணலாம்.

அட்டன்பரோ ஊரில் 1929ஆம் ஆண்டு முதல் சரளைக்கல் தோண்டியெடுக்கப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கி, பறவைகள் வந்தடையும் ஏரிகள் உருவாயின. அவற்றைக் காப்பகமாக அறிவித்து 1966ஆம் ஆண்டில் திறந்துவைக்க அழைக்கப்பட்டவர் டேவிட் அட்டன்பரோ.